கெட்ட செய்தி முதலில் உங்களுக்கு வரட்டும்: ஆரம்ப சுகாதார நிலையப் பொறுப்பேற்கும் டாக்டருக்கு ஒரு வழிகாட்டி

கவுன்சலிங்கில் இடம் கிடைத்து, பணியாணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே ஓ.பி.யில் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். காய்ச்சல், மூட்டுவலி, சர்க்கரை மாத்திரை, நாய்க்கடி ஊசி. மதியத்துக்குள் எல்லோரையும் பார்த்து அனுப்பிவிட்டு, ‘சரி, இன்றைய வேலை முடிந்தது’ என்று எழுந்திருப்பீர்கள்.

அங்கேதான் பிசகு. விதிப்படி ஒரு நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலைப்பகுதியில் 20,000 பேர். அன்றைக்கு ஓ.பி. பக்கமே எட்டிப் பார்க்காத மிச்சம் 29,900 பேரும் உங்கள் கணக்கில்தான். இதை யாரும் நமக்கு ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. சமூக மருத்துவப் பாடத்தைப் பரீட்சைக்கு முந்தின வாரம் படித்துத் தேறியவர்களில் நானும் ஒருவன்.

இந்த வேலையில் தலைமை என்றால் என்ன என்று கேட்டால், என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. ஏதோ ஒரு தெருவில் மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு. அது உங்கள் காதுக்கு எப்போது வருகிறது? அன்று ராத்திரியே கிராம சுகாதார செவிலியர் போனில் சொல்லிவிட்டால், நீங்கள் நிலையத்தை நன்றாக நடத்துகிறீர்கள். நான்காம் நாள் ஒரு நிருபர் கூப்பிட்டுக் கேட்டுத்தான் தெரியவருகிறது என்றால், உங்களுக்குப் பேச்சாற்றல், தொலைநோக்கு, ஆளுமை எல்லாம் இருந்தும் பயனில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு போன் உரிய நேரத்தில் வருவதற்கான ஏற்பாடுகள்தாம்.

முதல் பதினைந்து நாள்: ஓ.பி. முடிந்ததும் வண்டியை எடுங்கள்

உங்கள் நிலையத்தின் கீழ் ஐந்தாறு துணை சுகாதார நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 பேருக்கு. முதல் பதினைந்து நாளுக்குள் அத்தனையும் பார்த்துவிடுங்கள். ‘ஆய்வு’ என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அங்கிருக்கும் செவிலியர் போகும் தெருவுக்கு, அவர் போகும் நேரத்துக்கு, கூடவே நடந்து போங்கள்.

நான் போன முதல் துணை நிலையத்தில் மேஜை நிறைய பதிவேடுகள். பக்கத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அதன் ரப்பர் குழாயில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

“எத்தனை நாளா சிஸ்டர் இப்படி?”

“ஏழு மாசம் இருக்கும் சார். இண்டென்ட் எழுதிக் குடுத்திருக்கேன்.”

அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டர் வழியே காற்று கசிந்து, முள் தானாகவே இறங்கியது. பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஏழு மாதமும், வந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 110/70. எனக்கு வந்த கோபத்தை அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். கருவி வேலை செய்யவில்லை என்று அவர் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். கட்டம் காலியாக இருந்தால் மாதக் கூட்டத்தில் திட்டு விழும். அதனால் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். மறுநாள் நிலையத்தில் இருந்த கருவி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் அந்த ஊரிலிருந்து இரண்டு கர்ப்பிணிகள் உயர் இரத்த அழுத்தத்தோடு என்னிடம் அனுப்பப்பட்டார்கள். திடீரென்று ஊருக்கு நோய் வந்துவிடவில்லை.

ஆகவே முதல் சுற்றில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் முடிக்கவில்லை’ என்பதில்லை. ‘எது உடைந்திருக்கிறது’ என்று கேளுங்கள். எல்லாத் துணை நிலையத்திலும் ஆளுக்கு ஒரு சின்னப் பொருளைச் சரிசெய்து கொடுங்கள். எடை பார்க்கும் இயந்திரமோ, கதவுத் தாழ்ப்பாளோ, மின்விளக்கோ. பேசாமல் செய்யுங்கள்.

அப்படியே ஒரு வரைபடமும் போட்டுவிடுங்கள், கையாலேயே. எந்தக் குடிநீர்த் தொட்டி எந்தத் தெருவுக்கு, அந்தக் குழாயின் கடைசி வீடு எது, செங்கல் சூளை எங்கே, அரிசி ஆலையில் வெளியூர்க் குடும்பங்கள் எத்தனை. தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளைப் பெரும்பாலும் இந்தச் சூளைப் பக்கத்தில்தான் கண்டுபிடிப்பீர்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். நம் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். நோய்க்கு மட்டும் அவர்கள் முகவரி தெரியும்.

அடுத்த படி: செய்தி சொன்னவருக்குத் திட்டு விழக்கூடாது

இதில் நான் அடிபட்டுத்தான் கற்றேன். நான் நடத்திய முதல் ரிவ்யூ மீட்டிங். ஒரு செவிலியர் எழுந்து, ஒரே தெருவில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்றார். “இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கண்டிப்பான டாக்டர் என்று பெயர் வாங்கிவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. எல்லாத் துணை நிலையத்திலும் காய்ச்சல் பூஜ்யம். ஐப்பசி அடைமழையில், முப்பதாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட உடம்பு சுடவில்லையாம்! அந்தப் பூஜ்யங்களை எழுதியது அவர்கள் பேனா, எழுத வைத்தது என் வாய். அதைச் சரிசெய்ய எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பிறகு நான் கடைப்பிடித்தது இதுதான். யாராவது கெட்ட செய்தி சொன்னால், முதல் வாக்கியம் ‘சொன்னது நல்லது’ என்பதாகவே இருக்கும். இரண்டாவது, ‘இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?’ யார் தவறு என்ற பேச்சு அன்றைக்கு இல்லை. தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. தவறு செய்தவருக்கும் தவறை மறைத்தவருக்கும் வித்தியாசம் வைத்தேன். மறைத்தவருக்கு மட்டும்தான் மெமோ. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 17(ஏ), 17(பி) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அதை வாரம் ஒருமுறை நீட்டினால் பயம் மிஞ்சும், தகவல் மிஞ்சாது.

பெரியம்மை ஒழிப்பு வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பணியாற்றிய வில்லியம் ஃபேகி என்ற அமெரிக்க மருத்துவரிடம் எல்லோருக்கும் போடுமளவு தடுப்பூசி இல்லை. அவர் அங்கிருந்த மிஷனரிகளை வானொலியில் பிடித்தார். அவரவர் பகுதியின் ஊர்களுக்கு ஆள் அனுப்பி, எங்கெல்லாம் பெரியம்மை இருக்கிறது என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். நோய் இருந்த ஊர்களையும் அதைச் சுற்றியிருந்தவர்களையும் குறிவைத்து ஊசி போட்டார். கையிருப்பு குறைவாக இருந்தும் பரவல் நின்றது. பிறகு இந்தியா உட்பட உலகம் முழுக்க இந்த முறைதான் கைகொடுத்தது. ஊசியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அந்த வானொலிதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் வானொலி உங்கள் போன். ராத்திரி பத்து மணிக்கு அடித்தாலும் எடுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். எடுத்துவிட்டு எரிச்சல்படுங்கள்.

எண்களை நாடி பிடிப்பது போலப் பிடிக்கப் பழகுங்கள்

நோய்க் கண்காணிப்புக்கு நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது. களப்பணியாளர் அறிகுறியை வைத்துத் தருவது ஒரு படிவம், மருத்துவர் தருவது ஒன்று, ஆய்வகம் தருவது ஒன்று. முன்பு தாளில் போனது, இப்போது இணையத்தில் போகிறது. திரையில் வரைபடமெல்லாம் அழகாக வரும். ஆனால் உள்ளே போகும் எண் பிளாஸ்டர் சுற்றிய கருவியிலிருந்து வந்ததா என்பது திரைக்குத் தெரியாது.

எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்? எல்லாக் குழந்தையும் சரியாக 2.5 கிலோ அல்லது 3 கிலோ எடையில் பிறந்திருந்தால். தடுப்பூசி நூறு சதவீதம் என்று மாதாமாதம் வந்தால். மழைக்காலத்தில் காய்ச்சல் இல்லாவிட்டால். சட்டென்று பூஜ்யம் வந்த ஊருக்கு அன்றைக்கே போன் போடுங்கள். பாராட்டுவதற்கில்லை, விசாரிப்பதற்கு.

உண்மையாகவே பூஜ்யத்தை நெருங்கிவிட்டால் இன்னும் கவனம் தேவை. இலங்கையில் மலேரியா ஒழிப்பு முயற்சி அப்படி ஒரு வெற்றி பெற்று, 1963இல் நாடு முழுவதற்குமாக வெறும் 17 பேருக்குத்தான் அந்த நோய் கண்டது. மருந்து தெளிப்பதும் கண்காணிப்பும் தளர்ந்தன. ஐந்தாறு ஆண்டுக்குள் நோயாளிகள் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. உலக சுகாதார அமைப்பிடமிருந்து மலேரியா இல்லாத நாடு என்ற சான்று அவர்களுக்குக் கிடைக்க 2016 ஆனது. பதினேழுக்கும் சான்றுக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல்.

உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களோடு வேலை

இதுதான் கடினமான படி. ஊரின் உடல்நலத்தைத் தீர்மானிப்பவர்களில் பாதிப்பேர் உங்களுக்குக் கீழே இல்லை. தொட்டி இயக்குபவர் ஊராட்சியின் ஆள். அங்கன்வாடி வேறு துறை. பள்ளி வேறு துறை. சாக்கடை வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கம். இவர்களிடம் உங்கள் மெமோ செல்லாது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஊரில் வயிற்றுப்போக்கு தொடர்ந்து வந்தது. தொட்டியில் குளோரின் பார்த்தால் சரியாக இருந்தது. சுகாதார ஆய்வாளர் அனுபவசாலி. “சார், தொட்டியில பாத்து என்ன பிரயோஜனம்? கடைசிக் குழாய்க்குப் போவோம்” என்றார். போனோம். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வீடுகளுக்கு வரும் நீரில் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், நோய்ப் பரவல் நேரத்தில் 0.5. இங்கே ஒன்றுமே இல்லை.

வழியில் குழாய் சாக்கடைக்குள் உடைந்திருந்தது ஒன்று. அது போக, தொட்டி இயக்குபவர் பிளீச்சிங் பவுடரைத் தொட்டி நிரம்பிய பிறகு போட்டு, உடனே வால்வைத் திறந்துவிடுவார். மூட்டையும் வாய் திறந்து ஈரத் தரையில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் வீரியம் போய்விடும். ஏன் இப்படி என்று கேட்டோம். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் விடாவிட்டால் தெருவே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்குமாம். சம்பளம் சொற்பம். பவுடர் ஏன் போடுகிறோம் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவரைக் கடைசிக் குழாய்க்குக் கூட்டிப்போய், சோதனைக் குழாயை அவர் கையிலேயே கொடுத்தோம். அடுத்த வாரத்திலிருந்து அவரே பார்த்து, மஞ்சள் வந்தால் எனக்குச் சொல்வார். உடைந்த குழாயை மாற்ற ஊராட்சித் தலைவரிடம் மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை, அவர் பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று நிலையத்துக்கு வந்திருந்தார்கள். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன், மறைக்கவில்லை.

சட்டம் கையில் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அசுத்தமான நீர் ஆதாரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கவும், கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லவும் அது வழி தருகிறது. ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள். நோட்டீஸ் கொடுக்க வேண்டிய இடம் வரும், பெரிய கட்டடக்காரர்களிடம் குறிப்பாக. ஆனால் தொட்டி இயக்குபவரிடம் சட்டப்பிரிவு பேசினால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

டெங்கு வேறொரு வகைச் சிக்கல். அங்கே ஊரே உங்களை வேலை செய்யச் சொல்லும், ஆனால் வேறு வேலையை. “புகை அடிங்க டாக்டர்!” புகை அடித்தால் சத்தம் வரும், படம் எடுக்கலாம், மக்களுக்குத் திருப்தி. அது அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழு அப்படியே இருக்கும், ஏழெட்டு நாளில் புதுக் கொசு வந்துவிடும். முட்டையோ தண்ணீர் வற்றிய பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து, நீர் பட்டதும் பொரியும். வேலை இருப்பது கொல்லைப்புறத்தில்: பழைய ஆட்டுக்கல், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, சிமென்ட் தொட்டி. வாரம் ஒருமுறை கொட்டித் தேய்க்க வேண்டும்.

நான் புகையை ஒரேயடியாக மறுக்கவில்லை. நோய் கண்ட வீட்டைச் சுற்றி அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. புகை அடிக்கும் அன்று தெருவே வெளியே வந்து நிற்கும் அல்லவா? அந்த நேரத்தில் ஒரு வீட்டின் சிமென்ட் தொட்டியிலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டு, நெளியும் புழுவை வெயிலில் தூக்கிக் காட்டச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அவமானம்தான். அதனால் பிறகு முதல் டம்ளரை எங்கள் நிலையத்துத் தொட்டியிலிருந்தே எடுத்தோம். அதிலும் புழு இருந்தது.

ஒரு மரணம் நடந்தால்

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அன்றைக்குத்தான் உங்கள் தலைமை உரசிப் பார்க்கப்படும். 1990களிலிருந்தே தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தனியாக ஆராயும் வழக்கம் இருக்கிறது. வீட்டாரிடம் பேசி, நடந்ததை நாள்வாரியாக, கடைசி நாளை மணிவாரியாக எழுதுவார்கள். மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ், இரத்த வங்கிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

அந்த விசாரணைக்கு நீங்கள் போகும்போது மூன்று தாமதங்களைத் தேடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க எவ்வளவு நேரம்? வண்டி வந்து, போய்ச்சேர எவ்வளவு? போன இடத்தில் வைத்தியம் தொடங்க எவ்வளவு? மூன்றாவதில் நம் ஆட்களே வருவார்கள். நாமும் வரலாம். கூட்டத்தில் பேச்சு ‘யார் மீது நடவடிக்கை’ என்று திரும்பும். அங்கே கடைசியாக இருந்த இளம் செவிலியரைக் கைகாட்டிவிட்டு எழுந்துபோவது சுலபம். நடந்ததை நேர வரிசையில், கூட்டாமல் குறைக்காமல் நீங்களே படியுங்கள். உங்கள் முடிவில் பிழை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அறையில் இருக்கும் மற்றவர்கள் வாய் திறப்பது அப்புறம்தான்.

இறந்தவர் வீட்டுக்கு இரண்டாம் முறையும் போங்கள், பதிவேடு இல்லாமல். அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி யார் கூட்டிவந்து போடுவார்கள் என்று அங்கேதான் தெரியும்.

வதந்திக்கும் பீதிக்கும் நடுவே

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் ஆடியோக்கள் பறந்தன. பள்ளி வாசலில் பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது கற்றது: ‘வதந்திகளை நம்பாதீர்கள்’ என்ற வாக்கியத்துக்கு எந்தச் சக்தியும் கிடையாது. தலைமையாசிரியர் தன் மகளுக்கு எல்லோர் முன்னாலும் ஊசி போடச் சொன்னால், வரிசை தானாக உருவாகும். கேள்வி கேட்கும் தாயை வரிசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள். நாற்காலி போடுங்கள். காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது வந்தால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள்.

பீதி நம் பக்கமும் வரும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டும் என்றானது. அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வர எல்லாத் தாயாலும் முடியாது. தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7. வேறு காரணங்களும் இருக்கலாம். இதுவும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. 2019-21இல் எண்ணிக்கை 89 சதவீதத்தை ஒட்டி ஏறியது. நெருக்கடியில் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றுக்கும் அப்போதே ஒரு தேதி போடுங்கள்: இந்த ஏற்பாட்டை எந்த நாளில் திரும்பப் பார்ப்போம்? தேதி இல்லாவிட்டால் தற்காலிகம் என்பது பத்து வருஷம் ஓடிவிடும்.

மேலிடமும் மருந்துக் கிடங்கும்

இது சுருக்கமாக. மருந்து இருப்பை மருந்தாளுநரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டதிலிருந்து, கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்துக்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்த வாரத்தில் நீங்கள் செய்யும் விழிப்புணர்வுப் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

மேலதிகாரி இலக்கு கேட்பார். முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். முடியாது என்பதோடு, எது இருந்தால் எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் பொய் எண் கேட்காதீர்கள் என்று சொல்லும் நான், மேலே பொய் எண் கொடுத்த மாதங்களும் உண்டு. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கடைசிப் படி: கிளம்பும் நாளுக்காக

மேற்படிப்புக்குப் போவீர்கள், மாற்றல் வரும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நாற்காலி, மேஜை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருக்கும். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் வையுங்கள். கையால் போட்ட வரைபடம், கடைசிக் குழாய் வீடுகள், சூளையில் ஆட்கள் வந்திறங்கும் மாதம், எந்தத் தலைவரிடம் எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் போன் எண்கள். நான் எழுதிவைத்த பட்டியலில் முதல் எண் அந்தத் தொட்டி இயக்குபவருடையது. பக்கத்தில், ‘காலை ஐந்தரைக்கு மேல் கூப்பிடவும், அதற்கு முன் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்’ என்று குறித்திருந்தேன்.